ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்

(தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வகுப்பறையில் பயன்படும் மின்னணுக் கருவிகளைப் பராமரிப்பது. நான் கணினி படித்தவள் இல்லை, சமூக அறிவியல் ஆசிரியை. பி.எட். படிக்கும்போது எங்களுக்கு ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குத் தாள் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் புரொஜெக்டரை அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் நான் பார்த்ததில்லை. அதனால் பொதுவாக எதையும் பேசாமல், என் கையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். லேப்டாப்பில் செருகினால் காட்டாமல் போன ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பற்றியது. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்காவது இது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2022-23 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் பழைய தூத்துக்குடியைப் பற்றிக் கேட்டு, செல்பேசியில் பதிவு செய்து வர வேண்டும். உப்பளத்தில் உப்பு வாரியவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், தோணிக்குப் போனவர்கள், சங்கு குளித்தவர்கள் என்று 41 பதிவுகள் சேர்ந்தன. அதில் ஒன்று திரேஸ்புரத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்தது. அவன் தாத்தா முத்துக் குளித்தவர். நம் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். 1955 முதல் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் நடந்து, அத்தோடு நின்றது. அந்தக் கடைசி ஆண்டில் பதினெட்டு வயதுப் பையனாகக் கடலுக்குள் இறங்கியவர் அவர். அப்படிப்பட்டவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் என் சொந்த ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தேன். ஒரு டெராபைட், சட்டைப்பையில் அடங்கும் அளவு. மாணவர்களின் செல்பேசிகளில் இருந்தவை நாளாவட்டத்தில் அழிந்துவிட்டன. இடம் போதவில்லை என்றால் பிள்ளைகள் முதலில் அழிப்பது நாம் கொடுத்த வேலையைத்தான்! 'டீச்சரிடம் இருக்கிறது' என்பது அவர்கள் நம்பிக்கை. டீச்சரிடம் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது.

2023 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. அரையாண்டுத் தேர்வு நேரம். வினாத்தாள் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தேன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைப் பிடுங்கி, துணிப்பையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பள்ளிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து, வடிய நாட்களாயின. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகள் கூழாகிவிட்டன. டிஸ்க் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் பூட்டிய பீரோவுக்குள், அந்த ஈரத்தில், பத்து நாளுக்கு மேல் கிடந்தது.

ஜனவரியில் செருகிப் பார்த்தேன். சத்தமில்லை, விளக்கு எரியவில்லை, லேப்டாப்பில் எதுவும் வரவில்லை. நான் முதலில் செய்தது, அதை எடுத்துக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தது.

"ஆட்டாதீங்க டீச்சர், அது தேங்காய் இல்ல" என்றார் எங்கள் இயற்பியல் ஆசிரியர். அவர் சொன்னது சரி. அந்தப் பெட்டிக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஆட்டுவது, தட்டுவது, பெட்டியைத் திறந்து ஊதுவது எல்லாமே அதற்கு ஆபத்து. திறந்தால் உள்ளே போகும் ஒரு தூசி போதும்.

அவர் என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான். "உங்களுக்கு இந்த டிஸ்க் வேணுமா, இதுல இருக்கிறது வேணுமா?" அப்போது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இன்று நான் சொல்ல வந்ததும் இந்த வேறுபாட்டைத்தான். டிஸ்க் வேண்டுமென்றால் ஒரு வழி, உள்ளே இருப்பது வேண்டுமென்றால் வேறு வழி. பல இடங்களில் முதல் வழியில் போனால் இரண்டாவது அடைபட்டுவிடும்.

பிறகு வெளியிலிருந்து உள்ளே போனோம். முதலில் கேபிள். இந்த வகை டிஸ்க்குகளில் டிஸ்க் பக்கம் செருகும் முனை தட்டையாக, அகலமாக, ஒருபக்கம் சிறிதும் ஒருபக்கம் பெரிதுமாக இருக்கும். அடிக்கடி செருகி எடுத்தால் தளர்ந்துபோகும். நம் ஊரில் இதோடு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. என் கேபிளின் முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. கோயில் செம்பில் பூக்குமே, அதே களிம்பு. இன்னொரு ஆசிரியரின் கேபிளை வாங்கிச் செருகினோம், விளக்கு எரிந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

உங்களுக்கு நேர்ந்தால் இதிலிருந்தே தொடங்குங்கள். 'டிஸ்க் போய்விட்டது' என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் கேபிள் மட்டும் போனவை நிறைய இருக்கும். டிஸ்க் பக்கத்துத் துளையிலேயே களிம்பு இருந்தால் ஊசியால் சுரண்ட வேண்டாம். செல்பேசி பழுது பார்க்கும் கடைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள், அவர்களிடம் துடைத்து வாங்குங்கள்.

விளக்கு எரிந்ததும் டிஸ்க் சுற்றத் தொடங்கியது. பிறகு 'டிக், டிக்' என்றது, நின்றது, மறுபடி தொடங்கியது. இயற்பியல் ஆசிரியர் உடனே பிடுங்கிவிட்டு, என் லேப்டாப்பைக் காட்டினார். ஒரே துளையில் ஒரு ஹப் வைத்து, அதில் மவுஸ், பென்டிரைவ், இந்த டிஸ்க் எல்லாவற்றையும் மாட்டியிருந்தேன். சிறிய ஹார்டு டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் கிடையாது, யூஎஸ்பி துளை தரும் 5 வோல்ட்தான் அதற்குச் சாப்பாடு. பழைய யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர் வரை தரும். உள்ளே நீலமாக இருக்கும் யூஎஸ்பி 3 துளை 900 வரை தரும். நின்றுகொண்டிருக்கும் தட்டைச் சுற்ற வைக்கும் அந்த முதல் நொடிகளில் டிஸ்க் அதிகம் கேட்கும். நான் அந்தக் கொஞ்சத்தையும் மூன்றாகப் பங்கு போட்டிருந்தேன்! ஹப்பை எடுத்துவிட்டு நேராக நீலத் துளையில் செருகியதும் ஒரே சீராகச் சுற்றியது. மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். நேராகச் செருகியும் டிக் டிக் என்ற சத்தம் நிற்காவிட்டால் எதையும் முயலாதீர்கள். உள்ளே முனை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இழப்பு கூடும்.

அப்போதும் 'திஸ் பிசி'யில் டிஸ்க் வரவில்லை. விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று இருக்கும். நம்மில் பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே நம் டிஸ்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு டெராபைட் டிஸ்க் அங்கே 931 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், விற்பவர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. சில நேரம் டிஸ்க் நல்லபடியாக இருக்கும், அதற்கு ஆங்கில எழுத்து ஒன்று ஒதுக்கப்படாததால் மட்டும் வெளியே தெரியாது. அதன்மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வசதிக்குப் போய் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். இரண்டே நிமிட வேலை.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 931 ஜிபி என்பதற்குப் பக்கத்தில் 'ரா' என்று இருந்தது. கூடவே ஒரு சிறு பெட்டி குதித்து வந்து, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது.

ஆசிரியர் அறையில் ஏழு பேர் இருந்தோம். ஐந்து பேர் "குடுங்க டீச்சர், ஃபார்மட் பண்ணா சரியாயிடும்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. டிஸ்க் சரியாகியிருக்கும், காலியாக! அந்தப் பெட்டி கேட்கும் விதம்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்று அது சொல்லியிருந்தால் நாம் யோசிப்போம். மருந்து கொடுப்பதுபோல் கேட்டால் கை தானாக 'ஆம்' பக்கம் போகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கும்போது சில டிஸ்க்குகளுக்கு 'இனிஷியலைஸ் செய்யவா' என்றும் கேட்கும். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் இரண்டுக்கும் 'கேன்சல்' என்பதே பதில். இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் வரும் 'செக்டிஸ்க்' கட்டளையும் அப்படித்தான். அது டிஸ்க்கின் மேலேயே எழுதிச் சரி செய்யப் பார்க்கும், போகிற போக்கில் கோப்புகளைத் துண்டாக்கியும் விடலாம். நகல் எடுத்த பிறகு வேண்டுமானால் அதை ஓட்டலாம்.

இதில் நம் பள்ளிகளுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். லினக்ஸில் அதற்கே உரிய முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், பழுதே இல்லாவிட்டாலும் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, உடனே ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். எனவே அந்தக் கேள்வி வந்தால் முதலில் விசாரியுங்கள், இதைக் கடைசியாக யார், எந்தக் கணினியில் பயன்படுத்தினார்கள் என்று. நல்ல டிஸ்க்கை நாமே காலி செய்துவிடக் கூடாது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவனிடம் டிஸ்க்கைக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் வரைபடம் வரையத் தெரியாமல் என்னிடம் திட்டு வாங்கியவன், இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. அவன் செய்த முதல் வேலை எனக்குப் புரியவே இல்லை. எதையும் மீட்க முயலவில்லை. 2 டெராபைட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தன் லினக்ஸ் லேப்டாப்பில் இரண்டையும் மாட்டி, 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச நிரலை ஓட்டிவிட்டு, "காலையில பாக்கலாம் டீச்சர்" என்று போய்விட்டான். அது கோப்பு, கோப்புறை எதையும் பார்ப்பதில்லை. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு பகுதியையும் இருப்பதை இருந்தபடி நகலெடுக்கிறது. படிக்க வராத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயல்கிறது. நாம் தேர்வில் பிள்ளைகளுக்குச் சொல்வோமே, தெரியாத கேள்வியில் நேரத்தை வீணாக்காதே என்று, அதே கதைதான்! இரவு முழுதும் ஓடியது. அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கைத் தொடவில்லை. எல்லா முயற்சியும் நகலின்மேல்தான் நடந்தது. பிழை செய்தாலும் மூலம் அப்படியே இருக்கும்.

நகலில் 'ஃபோட்டோரெக்' என்ற இன்னொரு இலவச நிரலை ஓட்டினான். டிஸ்க்கின் அட்டவணை கெட்டிருந்தாலும் கோப்பின் உடல் அங்கேயே கிடக்கும். நூலகத்தில் அட்டைப் பட்டியல் எரிந்துபோனால் புத்தகங்கள் அலமாரியில்தானே இருக்கும்? இந்த நிரல் அலமாரி அலமாரியாகப் போய், இது படம், இது ஒலி என்று முதல் வரியை வைத்து அடையாளம் கண்டு எடுத்துவருகிறது. ஆனால் தலைப்புகள் அட்டையோடு போய்விட்டன. கோப்புகளுக்கு எண்கள்தான் பெயர். ஆயிரக்கணக்கான எண்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நம்பிக்கைச் செய்தி. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்ணோடம் வானில் சிதறியது. அதில் செனான் வாயு பற்றிய ஆய்வு ஒன்றின் தரவு ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கருகி, உருகி, தரையில் விழுந்து பல மாதம் கிடந்த அந்த டிஸ்க்கிலிருந்து ஏறத்தாழ 99 விழுக்காட்டை வல்லுநர்கள் மீட்டார்கள். அந்த ஆய்வு 2008-ல் வெளியானது. அந்த டிஸ்க்கை யாரும் வழியில் ஃபார்மட் செய்யவில்லை! அதே சமயம் அந்த வேலை ஆய்வகங்களில் நடப்பது, செலவு பெரிது. டிஸ்க் உண்மையிலேயே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் நம்மிடம் வைத்தியம் கிடையாது. வெயிலில் வைப்பது, அரிசிப் பானைக்குள் போடுவது, காய்ந்துவிட்டதா என்று செருகிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். காய்ந்த உப்பும் சேறும் தட்டின்மேல் படிந்துவிடும். ஈரத்தோடேயே காற்றுப் புகாத பையில் போட்டு, மீட்பு வேலை தெரிந்தவர்களிடம் சேர்க்க வேண்டும்.

எண்களோடு வந்த கோப்புகளில் ஒலிப்பதிவுகளைத் தனியாகப் பிரித்து, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் போட்டேன். பதிவு செய்த பிள்ளைகள் அப்போது பத்தாம் வகுப்பு. மதிய உணவு இடைவேளையில் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாடத்துக்கு இவ்வளவு கவனமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "டீச்சர், கிரைண்டர் சத்தம் கேக்குது, இது எங்க வீடு." "இது சரோஜா ஆச்சி இருமல்." ஒரு பெண் வெறும் சேவல் கூவலை வைத்துக்கொண்டே தன் பதிவைக் கண்டுபிடித்தாள். ஒரு வாரத்தில் 41-ல் 37-க்குப் பெயர் கிடைத்தது. நான்கு வரவே இல்லை.

திரேஸ்புரத்துத் தாத்தா 2023 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். வெள்ளத்துக்குப் பிறகு பள்ளி திறந்தபோது அந்தப் பையனின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். வீட்டுக்குள் தண்ணீர் வந்து செல்பேசி, படங்கள் எல்லாம் போய்விட்டன. "டீச்சர், உங்ககிட்ட அப்பா பேசுனது இருக்கும்லா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டிஸ்க் வராமல் போனதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மேலே நான் சொன்ன எல்லாமும் நடந்தபோது என் மனதில் இருந்தது அவர் முகம்தான். டிஸ்க்கின் விலை ஒரு பொருட்டே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1578-ல் கொல்லத்தில் தமிழில் அச்சான தம்பிரான் வணக்கம் நமக்கு இன்று கிடைப்பது, அதன் ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு நூலகத்தில் இருப்பதால். நம் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்டிரிக்கி அடிகளாரின் அடியார் வரலாறு, 1586-ல் அச்சானது, வாத்திகன் நூலகத்தில் இருக்கிறது. இந்தக் கடற்கரையின் எழுத்து பிழைத்தது வேறு ஊரில் ஒரு பிரதி இருந்ததால்தான். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, 41 குரல்களை ஒரே டிஸ்க்கில் போட்டு, ஒரே பீரோவில் பூட்டியவளும் நான்தான்.

தாத்தாவின் பதிவு கிடைத்தது. 23 நிமிடப் பதிவில் 17 நிமிடம். மீதி, டிஸ்க்கில் வேறெங்கோ துண்டாக எழுதப்பட்டிருந்திருக்கும் என்றான் மாணவன். அம்மாவை வரச் சொல்லி, இந்த முறை எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போட்டுக் காட்டினேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பற்றிப் பேசுகிறார். மேலே படகில் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்களாம். "அக்கா தாலி அவன் கையிலல்லா இருக்கு, விட மாட்டான்" என்று சிரிக்கிறார். பிறகு, "மூச்சு முட்டுச்சுன்னா கயித்த..." என்பதோடு பதிவு நின்றுவிடுகிறது.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சுண்டு சுண்டணும்" என்றார். "சுண்டுனா மேல தூக்கிருவாங்க. எனக்குச் சின்னதுல தெனமும் சொல்லுவாரு." தொடர்ந்து அவரே சொல்லிக்கொண்டு போனார். பையன் செல்பேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினான், நான் சொல்லாமலே.

இப்போது அந்த இரண்டு பதிவுகளும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. அந்தக் கோப்புறை பள்ளிக் கணினியில் ஒன்று, புதிய டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, அவர்கள் வீட்டு பென்டிரைவில் ஒன்று. பழைய டிஸ்க்கைப் பிறகு ஃபார்மட் செய்தேன். வேலை செய்கிறது. திரைப்படம் போட்டுக் காட்ட வைத்திருக்கிறேன், வேறு எதற்கும் நம்புவதில்லை.

தேநீர் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இரண்டு நல்ல கேபிளும், லினக்ஸ் உள்ள லேப்டாப் ஒன்றும் கொண்டுவந்திருக்கிறேன். வராமல் போன டிஸ்க் யாரிடமாவது இருந்தால் எடுத்துவாருங்கள், செருகிப் பார்க்கலாம்.